இருமும் கதவு

விவாகரத்துக்குப் பிறகு, அறுபத்தோரு வயதில் தனியாகக் குடிவந்த பூரணி, அக்கம்பக்கத்துக் கேள்விகளுக்குப் பயந்து கதவுக்கு ஓர் ஆண்குரல் வாங்கிப் பொருத்தினாள். யார் மணியடித்தாலும் அது முதலில் இருமும். பிறகு, "அவ உள்ள வேலையா இருக்கா" என்று சொல்லும்; கேட்பதற்கேற்ப ஓரிரு வார்த்தை பதிலும் பேசும்.

அந்த இருமலைக் கேட்டு எதிர்வீட்டு ரெஜினா தூதுவளை ரசம் கொண்டுவர ஆரம்பித்தாள். எட்டு மாதமாக அதை வாங்கிக் குடித்தவள் பூரணிதான்.

இன்றும் மணியடித்த ரெஜினா, கையில் வேட்பாளர் பட்டியலோடு நின்று கதவோடு பேசினாள். "அண்ணே, குடியிருப்போர் சங்கத் தேர்தல்ல செயலாளருக்கு நில்லுங்க. என் ஓட்டு உங்களுக்குத்தான். அக்காவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது, பாவம்."

"பாத்துக்கலாம்மா" என்றது கதவு.

பூரணி இருபது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள். உள்ளே நின்ற அவளுக்குக் காது மடல் சுட்டது. தனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை விட்டு வந்து, இன்னொருவரைத் தானே வாசலில் மாட்டியிருக்கிறாள்.

கழுவி வைத்திருந்த ரசத் தூக்குடன் கதவைத் திறந்தாள்.

"உள்ள யாரும் இல்ல ரெஜினா. இருமுறது கதவு. ரசத்தக் குடிச்சது நான்."

ரெஜினா அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எட்டு மாசமா கதவையா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேன்?"

பூரணி தலை நிமிராமல் சொன்னாள். "செயலாளருக்கு என் பேர எழுதிக்கம்மா."

"எழுதிக்கிறேன்" என்று தூக்கைப் பிடுங்கிக்கொண்டாள் ரெஜினா. "என் ஓட்டு மட்டும் உங்களுக்குக் கிடையாது."