பரிமளம் பாதியில் விட்ட ஆட்டம்

மில் சங்கு ஊதி ஓய்கிறது. ஜன்னலோர மாலை வெயிலில் மைத்துனன் ராஜரத்தினம் அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியை இயக்குகிறான். அவன் துபாயிலிருந்து தன் அக்காவுக்கு, என் மனைவி பரிமளத்துக்கு, வாங்கி வந்தது. அவள் இறந்த பிறகு பெட்டி இன்றுதான் ஒலிக்கிறது. பச்சைத் திரையில் நிலவறைச் சுவர்கள். "சுத்த அறுவை அத்தான். நாலு எட்டு வச்சா பேயி, திரும்பினா முட்டுச்சுவரு. அக்கா எப்பிடித்தான் ஆடுச்சோ!" அவன் மனைவி சீனியம்மாள் விரலில் ஒட்டிய பால்கோவாவை நக்கியபடி சிரிக்கிறாள். "இவியளுக்குப் பொறுமை ஏதுண்ணே? வழி தப்புறதுதான் அதுல ருசின்னு மதினி சொல்லுவாவ." "அக்கா ஆடின பழசை அழிச்சிட்டு மொதல்லருந்து ஆடட்டா அத்தான்?" இதில் ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் நிற்கிறது. நான் பெட்டியை வாங்குகிறேன். சிறுபிள்ளை விளையாட்டு என்று இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. திரையில், படிக்கட்டின் அடியில் இரண்டு குட்டி வீரர்கள். ஆங்கில எழுத்தில், முன்னால் நிற்பவருக்கு அவள் பெயர், பின்னால் நிற்பவருக்கு என் பெயர். கல்யாணமான நாளிலிருந்து 'இங்கேருங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. "அத்தான், அழிக்கட்டா?" நான் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. திரையில் இருவரும் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.