தூக்காதீங்க, உம்மு கைஸ்!

"கையை எடுங்க, உம்மு கைஸ்!"

நுஹா போட்ட சத்தத்தில், உம்மு கைஸ், அதாவது கைஸின் அம்மா தஹானி, திருடி மாதிரி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பெற்ற மகனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கப்போனதற்குத்தான் இந்த அதட்டல்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைத் தாமாக அசைய வைப்பது எப்படி என்று கராக் ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நுஹாவின் வேலை. இந்த வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஐந்து வயசுக் கைஸ் கண்ணைக் காட்டினால் போதும், தண்ணீர் வாய்க்கே வந்துவிடும். அப்புறம் அவன் எதற்கு நகரப்போகிறான்?

"இன்னிக்கும் இவன் நகரலைன்னா, எங்க பயிற்சி மையத்துல இவன் இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துருவாங்க. சொல்லிட்டேன்."

தஹானியின் முகம் வெளுத்தது. அந்த நிலையிலும் தட்டை நகர்த்தினாள். "காபி ஆறுது மிஸ். பேரீச்சம்பழ பிஸ்கட் உங்களுக்காகத்தான் சுட்டேன். ஒண்ணாவது..."

"போற வீட்டுல சாப்பிடக்கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம். எத்தனை வாட்டி சொல்றது?"

சட்டென்று நுஹாவுக்கு ஒரு யோசனை. அந்த பிஸ்கட் தட்டையே எடுத்துக் கம்பளத்தின் நடுவில், கைஸுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"பிடிச்ச பொருள் கண்ணெதிர்ல இருக்கணும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். அவனே வருவான், பாருங்க."

கைஸ் பிஸ்கட்டைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான். முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்தவன், நுஹாவின் வெறுங்கையைப் பார்த்துவிட்டுப் பழையபடி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பிஸ்கட்னா இவனுக்கு உயிரு மிஸ்," தஹானி அழுதுவிடுவாள் போலிருந்தது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுக்கட்டுமா?"

"குடுங்க! ஆயுசு பூரா குடுத்துக்கிட்டே இருங்க!"

நுஹாவுக்கு அம்மா மேல் கோபம், பிள்ளை மேல் கோபம், இந்த வேலைக்கு வந்த தன் மேலேயே கோபம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். செருப்பில் கால் நுழையவில்லை, அதன் மேலும் கோபம் வந்தது.

பின்னால் ஏதோ உரசும் சத்தம். திரும்பினாள்.

கைஸ் கம்பளத்தில் குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தான். தஹானி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவள் தூக்கப் போகவில்லை.

அவன் தட்டை எட்டிவிட்டான். ஆனால் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. தட்டை நுஹாவின் பக்கமாகத் தள்ளினான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

"விருந்தாளி நீங்க முதல்ல எடுத்தாத்தானே நான் எடுக்கலாம், மிஸ்!"