ஏற்கெனவே மாற்றிய தண்ணீர்

மீன்குளம் சுத்தம் செய்கிறவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு, ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டுக்குப் போவார். தோட்டத்துக் குளத்தில் கோய் எனப்படும் பதினோரு அலங்கார மீன்கள் இருந்தன. முழுத் தண்ணீரையும் மாற்றினால் அவற்றால் தாங்க முடியாது. அதனால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இறைத்து, அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்து, குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்கும் மருந்தைக் கலந்து மெல்ல விடுவார். டீச்சர் தனி ஆள், பேச்சுத்துணைக்கு ஏங்குவார். இவரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்.

அந்த மாதம் கதவைத் திறந்ததும் டீச்சர் சிரித்தார். "என்ன தம்பி, எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?"

"இப்பதானே வர்றேன், டீச்சர்."

"மூணு மணிக்கே வந்து வேலைய முடிச்சிட்டு, இவ்வளவு நேரம் பேசிட்டும் இருந்தீங்க. விளையாடாதீங்க."

அவர் குளத்தைப் போய்ப் பார்த்தார். சேறு இல்லை. தண்ணீரைச் சோதித்தார், குளோரின் துளியும் இல்லை. வலையை மடித்து வைத்திருந்த விதம்கூட அவருடையதுதான்.

அடுத்த மாதம் மூன்றரைக்கே போனார். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அவர் காலில் இருந்ததைப் போலவே இடது குதிகால் தேய்ந்திருந்தது. உள்ளே அவருடைய குரலே கேட்டது. மனைவி வீட்டைவிட்டுப் போன நாளைப் பற்றி, அவர் யாரிடமும் வாய் திறந்து சொல்லாததை, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் சுவரோரமாக நின்று கடைசிவரை கேட்டார். பிறகு மணியடிக்காமல் திரும்பி நடந்தார்.