தன்வினை

“கை தானா பட்டன்ல பட்டுடுச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடலாம்” என்று பேனாவைத் திறந்து நீட்டினார் விசாரணை அதிகாரி.

“தானா படல சார். நான்தான் அமுக்கினேன்.”

முந்தாநாள் பிஸ்கட் கம்பெனியின் பாக்கிங் பெல்ட் நின்றுபோனது. ஒன்பது மணி நேரம் நின்றபடியே வேலை பார்க்கும் நாற்பது பெண்களும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து “யார் வேலை இது?” என்று கத்தியபோது கை தூக்கியவள் இவள்தான்.

உட்கார ஸ்டூல் கேட்டு அவர்கள் கொடுத்த மனு ஒரு வருஷமாக யார் மேஜையிலோ தூங்குகிறது. வேண்டுமென்றே நிறுத்தினாள் என்றால் ‘ஏன்’ என்ற கேள்வி மேலிடம் வரை போகும். கை தவறிப் பட்டது என்றால் இந்த அறையிலேயே ஃபைலை மூடிவிடலாம்.

அதிகாரி கல்லூரியில் தத்துவம் படித்தவர். “எந்த மனுஷனும் எதையும் சொந்தமா முடிவு பண்றதில்லம்மா. உங்கப்பா கோபம், உங்கம்மா வளர்ப்பு, ராத்திரி தூக்கமில்ல, வெக்கை. எல்லாம் சேர்ந்து தள்ளுச்சு, கை போச்சு. நீ நெனைக்கறதுக்கு முன்னாடியே மூளை முடிவு பண்ணிடுது. உன் மேல என்ன தப்பு?”

“போன மாசம் பஸ் லேட்டு. பஸ்ஸுக்கா மெமோ குடுத்தீங்க? எனக்குத்தானே சார் குடுத்தீங்க.”

சாட்சி சொல்ல வாசலோரம் காத்திருந்த எலக்ட்ரீஷியன், சிரிப்பை இருமலாக மாற்றினான்.

“இந்தப் பிடிவாதம்கூட உன்னோடது இல்ல, தெரியுமா?”

“யாரோடதா இருந்தா என்ன சார், பிடிச்சிட்டிருக்கறது நான்தானே.”

அவர் படிவத்தை இழுத்தார். “எந்தக் கையால அமுக்கினே?”

அவள் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “வலதுன்னு வெச்சுக்குங்க.”

‘வேண்டுமென்றே நிறுத்தினேன்’ என்று எழுதி, பேப்பர் கிழியும்படி கையெழுத்துப் போட்டாள். அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி டிராயரில் போட்டார். “இனி சாட்சி எதுக்கு?” என்று எலக்ட்ரீஷியனையும் அனுப்பிவிட்டார்.

அவன் படிக்கட்டில் ஓடிவந்து அவளைப் பிடித்தான். “என்னக்கா இது? நீங்க பட்டன் பக்கமே போகல. ஃபியூஸ் எரிஞ்சு தானா நின்னுச்சு, மாத்தினவனே நான்தான். உள்ளே போய்ச் சொல்லிடறேன், உங்க வேலையாவது மிஞ்சும்.”

திரும்பப் போனவனின் டூல்ஸ் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தானா நின்னுச்சுன்னு சொன்னா, ஸ்டூல் தானா வந்துடுமா?”