உச்சியில் அடித்த மணி

"முதல் தடவைக்கு மணி கிடையாது தங்கச்சி. அடிச்சா பாவம்."

யசவதி சொன்னதும் தங்கேஸ்வரி பயபக்தியோடு தலையாட்டிவிட்டு மேலே ஏறினாள்.

அந்த மலையில் அப்படி ஒரு சட்டமே இல்லை. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிக்கலாம். புதிதாக வருபவருக்கும் ஒன்று உண்டு. வயிற்றெரிச்சலில், பாதி வழித் தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே யசவதி போட்ட சட்டம் அது.

எரியாதா பின்னே? வருஷா வருஷம் இரத்தினபுரியிலிருந்து அவர்கள் தெருவே வேன் பிடித்து வரும். உச்சிப் பாறையில் பதிந்திருப்பது புத்தர் பாதம் என்பார் சிலர், சிவன் பாதம் என்பார் சிலர், ஆதம் பாதம் என்பார் சிலர். யார் பாதமானாலும் முன்னால் நடப்பது யசவதியின் பாதம்தான். பதினேழு தடவை ஏறியவள். அதையும் வேனில் நாலு தரமாவது சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் புதிதாகக் குடிவந்த தங்கேஸ்வரியும் சேர்ந்துகொண்டாள். அவள் பாட ஆரம்பித்ததும் கூட்டம் அவள் பின்னால் போய்விட்டது. "நீ பாடினா ஏறுறதே தெரியல" என்று ஆளுக்கு ஆள் புகழ்ச்சி வேறு. போதாததற்கு யசவதியின் முழங்கால் வீங்கி, நடுராத்திரியில், பாதி வழியில் இனி முடியாது என்றாகிவிட்டது.

"நானும் துணைக்கு இருக்கிறேன் அக்கா" என்றாள் தங்கேஸ்வரி.

"வேணாம். என்னால உன் யாத்திரை கெட வேணாம்" என்று பெரிய மனுஷி மாதிரி அனுப்பிவைத்தாள். அனுப்பும்போதுதான் அந்தச் சட்டம்.

விடிந்தது. முதலில் இறங்கி வந்தவர் தையல்கடை நசீர் நாநா.

"கூத்தைக் கேட்டீங்களா அக்கா? அந்தப் புதுப்பிள்ளை மணியைப் பிடிச்சவ விடவே இல்ல. பின்னால நின்ன ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிட்டாங்க. நான் எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு."

"பதினெட்டா?"

"உங்களை விட ஒண்ணு கூட" என்று சிரித்துக்கொண்டே அவர் பிளேன்டீயை ஊதினார்.

யசவதிக்கு வாயில் இருந்த தேத்தண்ணி கசந்தது. பாவம் என்று சொல்லியும் அடித்திருக்கிறாள். அதுவும் கணக்காக, தன்னை விட ஒன்று கூட்டி. தெரு முழுக்க இனி இதையே சொல்லிச் சிரிக்கும். வரட்டும், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறேன் என்று காத்திருந்தாள்.

தங்கேஸ்வரி கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"ஏன் தங்கச்சி, இந்த மலையில நீ எத்தனை தடவை ஏறியிருக்கே?" யசவதி வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டாள்.

"இதுதான் முதல் தடவை அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்போ பதினெட்டு மணி என்னத்துக்கு? இந்தப் புண்ணிய மலையிலயுமா பொய்க்கணக்கு?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கேஸ்வரி தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து தைலத்தை எடுத்து யசவதியின் முழங்காலில் தேய்க்கத் தொடங்கினாள்.

"அது உங்க மணி அக்கா. பதினேழோட இந்த வருஷத்தையும் சேர்த்து அடிச்சேன். கால்தானே வராமப் போச்சு, நீங்க வந்தீங்கதானே."

யசவதி குனிந்து அவளைப் பார்த்தாள்.

"அப்போ... உன்னோட மணி?"

தங்கேஸ்வரி தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"முதல் தடவைக்குத்தான் மணி கிடையாதே அக்கா. நீங்கதானே சொன்னீங்க."