தெருவே எழுதச் சொன்ன தேர்வு

"இன்னொரு தடவை எழுது கண்ணு. எழுதாம விட்டே, அப்புறம் என் கடைப் பக்கமே வராதே" என்றாள் அழகு நிலையம் நடத்தும் தெயானிரா.

நூரிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். போர்த்தோ ரிக்கோவில் உதவித்தொகையோடு முதுகலை படிக்க ஜி.ஆர்.இ. தேர்வில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாங்க வேண்டும். அவள் வாங்கியது முந்நூற்று எட்டு. மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொடவே அவளுக்கு மனசில்லை.

"படிச்சது போதும்க்கா. ஏதாவது வேலைக்குப் போயிடலாம்னு பார்க்குறேன்."

"நாலு மார்க்குக்குப் பயந்துக்கிட்டா? நல்லா இருக்கு போ."

மளிகைக் கடை சேவெரினோ ஒரு படி மேலே போனார். "நீ எழுதும்மா. எழுதி முடிக்கிற வரைக்கும் என் கடையில பாட்டு கிடையாது."

டொமினிக்கன் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் மளிகைக் கடை என்றாலே நாள் முழுக்கப் பாட்டு அலறும். அங்கே ஒரு கடைக்காரர் தன் ஸ்பீக்கரை அணைக்கிறார் என்றால், அது கையை வெட்டிக் கொடுப்பதற்குச் சமம். கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்கள் மேசைமேல் துண்டை விரித்து, காய்களைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் திட்டுவதைக்கூடக் கிசுகிசுப்பாகத் திட்டிக்கொண்டார்கள்.

ஒரே ஒருவர்தான் தடுத்தார். எதிர்ச்சாரி லாட்டரிக் கடை எலிஹியோ.

"முந்நூத்தி எட்டு ரொம்ப நல்ல மார்க்கும்மா. எதுக்கு உடம்பைக் கெடுத்துக்குறே? விட்டுடு."

ஊரே ஒன்று சொன்னால் இவருக்கு மட்டும் வேறொன்று சொல்ல வேண்டும். வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே அன்று மாலை தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது தெயானிரா கூப்பிட்டு அனுப்பினாள். "தலை பாரமா இருந்தா படிப்பு ஏறாது. வா, காசு வேணாம், முடியைக் கழுவிச் சுருட்டி விடுறேன்."

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள், முடி உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்தினாள்.

"தெயானிரா, போன தடவை நமக்கெல்லாம் ஜீரோ எட்டு விழுந்துச்சே, அந்த மார்க்கு வாங்கின பொண்ணு இவதானா? இந்தத் தடவை மார்க்கு வந்த உடனே எனக்கு போன் பண்ணிடு. வீட்டுக்காரர் சம்பளத்தை அப்படியே எடுத்து வச்சிருக்கேன்."

தெயானிராவின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். நூரிஸ் வாங்கிய மார்க்கின் கடைசி இரண்டு எண்ணைத் தெருவே லாட்டரியில் கட்டியிருந்தது. அதற்கே முதல் பரிசும் விழுந்திருந்தது. இப்போது தெருவுக்குப் புதிதாக ஓர் எண் வேண்டும். எலிஹியோவின் கரிசனத்துக்கும் காரணம் விளங்கியது. எண் விழுந்தால் பணத்தை எடுத்து வைக்க வேண்டியவர் அவர்தானே.

"அப்ப என் படிப்பு ஒருத்தருக்கும் முக்கியமில்ல. அப்படித்தானேக்கா?"

"அப்படிச் சொல்லாதே கண்ணு. படிப்பும் முக்கியம்தான்" என்று தெயானிரா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நூரிஸுக்கு அழுகை வந்தது. தேர்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து எடுத்தாள். இவர்கள் லாட்டரிக்காகத் தேர்வு எழுதுவது மடத்தனம் என்றால், இவர்கள் லாட்டரிக்காக எழுதாமல் இருப்பது மட்டும் என்ன புத்திசாலித்தனம்? இடம் வேண்டியது அவளுக்குத்தானே.

எழுதினாள். முடித்ததுமே கணினித் திரையில் மார்க் வந்துவிட்டது. முந்நூற்றுப் பதினாறு.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெரு முனையிலேயே கூட்டம் காத்திருந்தது.

"எவ்வளவு கண்ணு? எவ்வளவு?"

இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்காவிட்டால் மனசு ஆறாது என்று அவளுக்குத் தோன்றியது.

"முந்நூத்தி இருபத்தி நாலு" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

கூட்டம் ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட நிற்காமல் லாட்டரிக் கடைக்கு ஓடியது.

மறுநாள் பகல் குலுக்கலில் முதல் பரிசு இருபத்து நான்குக்கு விழுந்தது.

சேவெரினோ அத்தனை நாள் பாட்டையும் சேர்த்து அலறவிட்டார். தெயானிரா ஓடி வந்து நூரிஸின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் வைத்தாள். "சொன்னேன்ல, எங்க பொண்ணு கெட்டிக்காரின்னு."

நூரிஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாடம் கற்பிக்கப் போய்ப் பரிசு வாங்கிக் கொடுத்தாயிற்று. எதிர்ச்சாரியில் எலிஹியோ கல்லாவைத் துடைத்துக் கொடுத்து, அதுவும் போதாமல் மின்விசிறியையும் நாற்காலியையும் கொடுத்துவிட்டு, வெறும் கடைக்குள் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார். தான் சொன்ன ஒரு பொய் மனுஷனை நட்டாற்றில் விட்டுவிட்டதே என்று மனசு உறுத்தியது. தெருவைக் கடந்து அவரிடம் போனாள்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. நான் சொன்ன மார்க்கு வந்து..."

"ஐயோ தாயே, அந்த மார்க்கை மட்டும் எங்கிட்ட சொல்லாதே. கேட்டாலே நெஞ்சை அடைக்குது."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"நேத்துலேர்ந்து வந்தவன் போனவன் எல்லார்கிட்டயும் விசாரிச்சுப் பார்த்துட்டேன், ஒருத்தனுக்கும் தெரியலை. ஏம்மா, உனக்குப் படிக்க இடம் கிடைச்சிடும்ல?"