சுத்தமான கிணறு

ஷைஜு ஏமாற்றுக்காரன்தான் என்று உறுதி செய்துகொள்ளவே அஞ்சு அந்த மேட்டு வீட்டுக்கு ஏறி வந்தாள். கைப்பையில் காலி பாட்டில் ஒன்று இருந்தது.

ரப்பர்ப்பால் ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுவிட்டன. மேட்டு வீட்டுக் கிருஷ்ணம்மாவின் கிணறு மட்டும் ஒவ்வொரு பரிசோதனையிலும் சுத்தம். ஆலையின் சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் போகும் அந்த விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அஞ்சுவின் வேலை.

கெட்ட கிணற்று வீடுகளுக்கெல்லாம் ஆலை குடிநீர்க் குழாய் போடுகிறது. இந்த வீட்டுக்கு மட்டும் இல்லை. அவள் கையெழுத்துதான் காரணம்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வரும் ஷைஜு, மேடேறச் சலித்து வேறெங்கோ பாட்டிலை நிரப்பியிருப்பான் என்று சந்தேகம். போன வாரம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் போனேன் மேடம்" என்று அவன் அழுதபோது அஞ்சு நிமிர்ந்தே பார்க்கவில்லை.

முற்றத்தில் ஒரு சைக்கிள் கோணிய சக்கரத்தோடு சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் கட்டிய பிளாஸ்டிக் கேன்கள் அப்படியே தொங்கின.

"மாமன் இதிலயிருந்து விழுந்துதான் இடுப்பெலும்பு போச்சு மக்கா. உள்ள கட்டிலில கெடக்காரு" என்றாள் கிருஷ்ணம்மா, தன் கணவரைச் சொல்லி. "எங்களுக்குக் கொழாய் எப்பம் வரும்?"

அஞ்சு கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "ஷைஜு இங்க வந்ததே இல்லதானே அம்மா? பயப்படாம சொல்லுங்க."

"அய்யோ, அந்தப் பயலைக் குத்தம் சொல்லாதே! எல்லா வாட்டியும் வருவான். மேடேறி வந்து நாய் மாதிரி இளைப்பான். நீ இரி மக்கா, நான் நெறச்சுத் தாறேன்னு நானாக்கும் பாட்டிலை வாங்கிட்டுப் போவேன்."

பாவம், அவன் பொய் சொல்லவில்லை. நாளைக்கே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு சிறு நிம்மதியும் இருந்தது. அதை நினைக்க அஞ்சுவுக்கே கூச்சமாக இருந்தது. அப்படியானால் கிணறு நல்ல கிணறுதான். தன் கையெழுத்தும் சரிதான்.

"அப்போ இதையும் நெறச்சுத் தாங்க அம்மா."

கிருஷ்ணம்மா பாட்டிலை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கிணற்றைத் தாண்டி அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, கெணறு இங்கல்லா இருக்கு?"

கிருஷ்ணம்மா திரும்பி, விருந்தாளியிடம் வெட்கப்படுவதுபோலச் சிரித்தாள்.

"அந்த நாத்தத் தண்ணியையா மக்கா ஆப்பீசில பெரிய ஆளுவளுக்குக் குடுத்து விடுவேன்? மாமன் விழுந்த அன்னைக்குத் தூரத்திலயிருந்து கொண்டு வந்த நல்ல தண்ணியில, உங்களுக்குன்னு கொஞ்சம் தனியா மாத்தி வச்சிட்டுண்டு."